அரை அங்குல அட்டை

கோதண்டபாணிக்கு உலகத்தில் எதுவுமே பிடிக்காது என்று சொன்னால் அது தப்பு. கோதண்டபாணிக்குக் கோதண்டபாணியைப் பிடிக்கும். மற்றதெல்லாம் இளக்காரம். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு இருபத்தாறு வருஷமாக பஸ்ஸில் வருகிறார். இன்னும் ஒரு டிரைவருக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை. கேன்டீன்காரனுக்கு சாம்பார் தெரியவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தோலில் முதுகு எது, வயிறு எது என்று தெரியவில்லை. கட்டிங் செக்ஷனில் அவர் வெட்டுகிற தோலில் வீண் போவது கம்மி என்பதென்னவோ நிஜம். அதை யாராவது மெச்சுவார்களா என்று அவர் காத்திருப்பதில்லை. தானே மெச்சிக்கொள்வார்.

பக்கத்து மிஷினில் வெட்டுகிற செண்பகம்தான் அவருடைய அன்றாட வேடிக்கை. அவள் நாலு விரல் உயரத்துக்கு ஒரு மரப்பலகையைக் காலடியில் போட்டு, கொஞ்ச நேரம் இந்தக் காலை, கொஞ்ச நேரம் அந்தக் காலை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்து நிற்பாள்.

“இன்னா செண்பகம், பல்லக்கு ஏறப் போறியா?”

இரண்டு வருஷமாக இதே கேள்வி. செக்ஷனே சிரிக்கும். அவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருப்பாள்.

ஆடி மாதத்தில் கோதண்டபாணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி இடுப்பில் கிளம்பி வலது பிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்கவே இல்லை. தைலம், பத்து, ஊசி எல்லாம் ஆயிற்று. எலும்பு வைத்தியர் ஒருவர் முதுகை ‘மடக்’கென்று முறித்துவிட்டார். அந்தச் சத்தம் மட்டும் கோதண்டபாணிக்குப் பிடித்திருந்தது. ஏதோ நடந்ததே! மறுநாள் வலி இன்னும் ஜாஸ்தி.

சூப்பர்வைசர் வசந்த் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டான். “அண்ணே, மேல கேக்குறாங்க. வர்ற திங்கக்கிழமை ஃபுல் ஷிஃப்ட் நின்னு காட்டிடுங்க. இல்லன்னா வேஸ்ட் பிரிக்கிற எடத்துக்கு மாத்திடுவாங்க. அங்க உக்காந்தே செய்யலாம்.”

உட்கார்ந்தே செய்யலாமாம்! மற்றவர்கள் வெட்டி எறிந்த துணுக்குகளை நிறம் பார்த்துச் சாக்கில் போடுகிற வேலை. அதைவிட அவர் முகத்தில் துப்பியிருக்கலாம்.

மனைவி விஜயகுமாரிதான் அவரை வாணியம்பாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாடியில் சின்ன கிளினிக். ரஃபத் ஜஹான் என்று முப்பது வயதுப் பெண். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் முறிக்காமல் சரிசெய்கிற வைத்தியம் படித்தவள். எக்ஸ்ரேயைப் பார்த்தாள். கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் கஷ்டமுண்டா என்று கேட்டாள். படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து அளந்தாள். பிறகு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் சரிந்த இரண்டு ஆப்புக்கட்டைகளை, ஒன்றை இடுப்புக்கடியில் இந்தப் பக்கம் மேலே, இன்னொன்றை அந்தப் பக்கம் கீழே செருகினாள்.

“மூச்ச நல்லா இழுத்து உடுங்க அங்கிள். நான் எதையும் முறிக்க மாட்டேன். உங்க ஒடம்பு வெயிட்டே கட்டை மேல மெதுவா எறங்கி, திரும்புன இடுப்ப நேராக்கும்.”

பத்து நிமிஷம். அவ்வளவுதான். கோதண்டபாணி கட்டையின் ரெக்சின் உறையைத் தடவிப் பார்த்தார். தையல் கோணல். அதோடு அந்த வைத்தியத்தின் மேலிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

“இடது கால் அரை அங்குலம் குட்டையாத் தெரியுது,” என்றாள் ரஃபத். “ஆனா கால் குட்டை இல்ல. இடுப்பு எலும்பு ஒரு பக்கம் முறுக்கிக்கினு கால மேல இழுக்குது. நாலஞ்சு தடவ வரணும். நிக்கிற பழக்கத்தையும் மாத்தணும். எல்லாருக்கும் இந்த வைத்தியம் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா...”

கோதண்டபாணி ‘ஆனா’வுக்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

“ரெண்டு கட்டைய சொருவிட்டு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிச்சு. இதுக்குப் பேரு வைத்தியமா?” என்றார் படியிறங்கும்போதே.

“அந்தப் பொண்ணு சொல்லி முடிக்கிற வரைக்குமாவது உக்காந்தியாய்யா நீ?” என்றாள் விஜயகுமாரி.

“அரை அங்குலம் குட்டைன்னு சொல்லிச்சில்ல? அது போதும். மிச்சத்த நாங்க பாத்துக்குவோம். நாங்க இன்னா புளியங்கொட்டையா விக்கிறோம்? ஷூ பண்றவங்க!”

மறுநாளே, ஷூவுக்குள் போடுகிற அட்டை செய்யும் இன்சோல் செக்ஷனில் இருக்கும் உமர் ஃபாரூக்கிடம் போனார். அந்த மனிதருக்கும் வேலையில் கர்வம் உண்டு. தோல் அட்டையை மூன்று அடுக்காக ஒட்டி, ஓரத்தைக் காகிதமாகச் சீவி, இடது குதிகாலுக்கு அளவெடுத்து அரை அங்குலத்தில் நிறுத்தினார்.

“பாரு நைனா, மயிரிழை பிசகாது. வெளிநாட்டுக்காரனுக்குக்கூட இப்படிப் பண்ணினது இல்ல.”

பிசகவில்லை. அட்டை அருமையான அட்டை. அதை ஷூவுக்குள் போட்டுக்கொண்டு கோதண்டபாணி இரண்டு நாள் ராஜநடை நடந்தார். கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் ஷூவைக் கழற்றிக் காட்டினார். படித்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று அனுதாபம் வேறு! மூன்றாம் நாள் இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. நான்காம் நாள் பஸ் படியிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் பாழாய்ப்போன அட்டையைக் கழற்றவில்லை. பஸ் படி உயரம் என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மிஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வசந்த் தலையைச் சொறிந்தான். “இன்னும் மூணு வாரம் லீவு வாங்கித் தர்றேண்ணே. அதுக்கு மேல என் கையில இல்ல.” அதுவரைக்கும் அவருடைய மிஷினில் செண்பகத்தை நிறுத்தினான்.

திரும்பவும் வாணியம்பாடி மாடி. இந்தத் தடவை விஜயகுமாரி இழுக்கவில்லை. அவரே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். ரஃபத் ஷூவைக் கழற்றச் சொன்னாள். உள்ளேயிருந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க,” என்றாள். “அங்கிள், ஒண்ணு கேக்குறேன். மேல்தோல் முறுக்கிக்கினு இருக்கிற ஷூ ஒண்ணு உங்க கைக்கு வருது. குதியில அட்டை வெச்சு ஒசத்தி அனுப்பிடுவீங்களா?”

கோதண்டபாணி வாயைத் திறந்தார். அனுப்புவதா? அப்படி அனுப்பியவனை அவர் என்னவெல்லாம் பேசியிருக்கிறார்! முறுக்கினது மேலே இருக்க அடியில் அட்டை வைக்கிறவன் மாடு மேய்க்கப் போகலாம் என்பது அவர் வாயிலிருந்தே நூறு தடவை வந்தது.

“ரிஜெக்ட் பண்ணுவேன்,” என்றார் மெதுவாக.

அவள் அட்டையை அவர் கையிலேயே கொடுத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “மிஷின்ல எப்படி நிப்பீங்க, நின்னு காட்டுங்க,” என்றாள். நின்று காட்டினார். முழுப் பாரமும் வலது காலில். இடது கால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறார், அவருக்கே அது தெரியாது.

கட்டைகள் மறுபடி இடுப்புக்கடியில் வந்தன. இந்தத் தடவை தையலைத் தடவாமல் மூச்சை விட்டார். ஐந்தாறு மூச்சில் பிட்டத்தில் இறுகிக் கிடந்தது சன்னமாக இளகிற்று. கையில் பிடித்து இழுத்தால் நேராகாத தோலை மேஜையில் விரித்து அதன்போக்கில் விட்டுவிடுகிறவர்தானே அவர்! அழுகை வந்தது, தும்மல் மாதிரி சமாளித்தார். மூன்று வாரத்தில் ஆறு தடவை அந்தப் படி ஏறினார்.

“மிச்சம் உங்க கையில,” என்றாள் கடைசி நாளில். “நாலு விரல் ஒசரத்துக்கு ஒரு பலகை போட்டுக்குங்க. கால மாத்தி மாத்தி வெச்சு நில்லுங்க. அது இல்லாம நின்னா ஒரே வாரத்துல திரும்ப வருவீங்க.”

எந்தப் பலகை என்று கோதண்டபாணி கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன! தச்சனிடம் சொல்லிச் செய்துகொள்ள ரோஷம் விடவில்லை. பலகையோடு கம்பெனிக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிட்டால்?

லீவு முடிந்த திங்கட்கிழமை செண்பகம் அவருடைய மிஷினை விட்டு இறங்கி, துடைத்து ஒப்படைத்தாள். பிறகு குனிந்து பலகையை எடுத்தாள். வசந்த் கொஞ்சம் தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் எட்டு மணி நேரம்.

“செண்பகம்...”

“இன்னாண்ணா?”

“அந்தப் பலகைய... இங்கயே வெச்சிட்டுப் போயேன்.”

“எதுக்குண்ணா?”

எதுக்கென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்! செக்ஷனே கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“நிக்க முடியலம்மா,” என்றார். “குடும்மா.”

அவள் அதை அவர் காலடியில் வைத்து, காலால் நேராகத் தள்ளிவிட்டாள்.

“பல்லக்கு ஏறிக்கோண்ணா,” என்றாள்.

சிரிப்பு கூரை வரைக்கும் போயிற்று. கோதண்டபாணி காது சிவக்க வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். வெட்ட ஆரம்பித்தார். அரை மணிக்கொரு தரம் கால் மாற்றினார். சாயங்காலம் சங்கு ஊதும்போது நின்றுகொண்டுதான் இருந்தார். வசந்த் தலையாட்டிவிட்டுப் போனான். பலகை இல்லாமல் நாள் முழுக்க நின்றிருந்த செண்பகம் பக்கத்து மிஷினில் குனிந்து தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே கோதண்டபாணி பலகையிலிருந்து காலை எடுத்தார்.