ஏரியில் ஒரு துளிச் சிவப்பு

ஜமுனாமரத்தூர் லாட்ஜ் ஒன்றுக்கு ஏரியை வரைந்து கொடுத்தேன். பனிமூட்டம், சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் துளிச் சிவப்பு.

"பாத்தாலே மனசு கனக்குதுங்க" என்று முதலாளி மகிழ்ந்துபோனார்.

அந்தச் சிவப்பு என் கற்பனை இல்லை. விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து வரைந்தபோது தூரத்துத் தண்ணீரில் தெரிந்தது. அல்லிப்பூ என்று நினைத்தேன். உண்மையில் எதுவும் நினைக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையும் வெறும் நிறமாகப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி.

ஒரு மாதம் கழித்து அந்த லாட்ஜில் தங்கப் போனேன். தரை துடைக்கும் அம்மா படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இத்த என்னிக்கு வரஞ்சீங்க சார்?"

நாளைச் சொன்னேன்.

"அன்னிக்குக் காலைலதான் எம்பொண்ணு ஏரில வுழுந்து செத்துப்போச்சு. செவப்புத் தாவணி கட்டினு இருந்துச்சு."

"அல்லிப்பூன்னு நெனச்சேம்மா."

"அந்த ஏரில அல்லியே கெடையாதுங்க."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தச் சிவப்பை ஒற்றை விரலால் தொட்டார்.

"நீங்க பாக்கும்போது அசைஞ்சுச்சா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

அசைந்தது. அசைவு நிற்கட்டும், பிறகு வரையலாம் என்று தூரிகையோடு காத்திருந்தேன்.