பலகையில் கூட்டிய ஒரு மணி நேரம்

செய்தி பர்மிய மொழியில்தான் வந்தது. மிங்கலாடோனிலிருந்து யாங்கோன் நகரத்துக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பையில் வள்ளி அக்காவுக்காகச் சார்ஜ் செய்த பவர் பேங்க் இருந்தது. ஆஸ்பத்திரியில் போனுக்கு உயிர் இல்லாமல் படுத்திருக்கிறேன் என்று முந்தின நாள் கேட்டிருந்தார். அவருடைய தம்பி கோ குமார் ஒரே வரி எழுதியிருந்தார்: அமா, அதாவது அக்கா, காலை ஏழு நாற்பதுக்குப் போய்விட்டார். டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல்.

பவர் பேங்கைத் திருப்பிக் கொண்டுபோவதா, அங்கேயே போவதா என்று தெரியாமல், அக்கா வீடு இருக்கும் பசுந்தாங் வரை நின்றபடியே வந்தேன்.

கோயில் வாசல் கரும்பலகையைப் பார்த்துவிட்டு விரதம் இருந்தவர்கள், திதி கொடுத்தவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள் உங்களில் பலர். பத்து வருடமாக அந்தப் பலகையை எழுதியவர் மா வள்ளி. கோயில் அலுவலகத்தில் ரசீது, கடிதம், தொலைபேசி எல்லாம் அவர்தான். உங்களுக்கு அவரை அவ்வளவுதான் தெரியும். எனக்கு அவர் வகுப்புத் தோழி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கணக்கில் என்னைவிட மெதுவானவர், விடாப்பிடியில் என்னைவிடப் பல மடங்கு.

நாங்கள் சேர்ந்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வானியற்பியல் படிப்பில். நேராக முதலாம் ஆண்டு கிடையாது. எங்கள் சான்றிதழ்களை அவர்கள் ஏற்கவில்லை. அக்காவினுடையது தபால் வழியில் பாதியில் நின்ற பட்டம். நான் என் வயதுக்காரர்கள் பலரைப் போல, ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தவன். எங்களைப் போன்றவர்களுக்காக ஓர் அடிப்படை ஆண்டு வைத்திருந்தார்கள். கணக்கு, இயற்பியல், அறிக்கை எழுதும் முறை. அதை இங்கிருந்தே இணையத்தில் படிக்கலாம். தேறினால் அங்கே போய் மூன்று வருடம். மின்சாரம் இருக்கும் நேரத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாத நேரத்தில் படிப்போம்.

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் ஏன் இந்தப் பாடம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கருந்துளை, தொலைநோக்கி என்றார்கள். அக்கா கோயில் பலகையைப் பற்றிச் சொன்னார். எங்களுக்குப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அதில் இருப்பது இந்திய நேரம். யாங்கோன் ஒரு மணி நேரம் முன்னால். ஆகவே திதி முடியும் நேரத்தோடு தினமும் ஒரு மணி கூட்டி எழுத வேண்டும்.

"ராகு காலத்துக்குக் கூட்டக் கூடாது. அது அந்தந்த ஊர் சூரியனோட போகும். திதி அப்படி இல்ல. நிலா சூரியனை விட்டு எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுதான் திதி. அது உலகத்துக்கே ஒரே நொடியில மாறும், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேற. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. ஏன் ஒண்ணுக்குக் கூட்டணும், ஒண்ணுக்குக் கூடாதுன்னு நானே ரெண்டு வருஷம் யோசிச்சேன். அப்புறம்தான் படிக்கணும்னு தோணிச்சு."

இதை உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொல்லி முடித்தபோது ஆசிரியர் வகுப்பை நிறுத்திவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

நம் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர் ஊ சுப்பையா எல்லார் முன்னாலும் கேட்டார்: "முப்பத்தஞ்சு வயசுல என்னம்மா நட்சத்திரப் படிப்பு? கல்யாணத்துக்கு நட்சத்திரம் பார்க்க வேண்டிய வயசே போயிடுச்சே." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர்கள்தான் அவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பேத்தி படித்தால் மட்டும் வேடிக்கை. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதான் ஐயா, இனிமே தூரத்துல இருக்கறதைப் பார்க்கலாம்னு" என்றார். சிரித்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள், ஆனால் வேறு மாதிரி.

அடிப்படை ஆண்டின் கடைசிப் பரிசோதனை இருவர் சேர்ந்து செய்வது. ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்து, நாம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் முதலாம் ஆண்டு இல்லை. பசுந்தாங்கில் அக்கா வீட்டுக்கு மேலே, ஆறு மாடி ஏறி, மொட்டை மாடியில் வேலை செய்தோம். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றித் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை நட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் முனையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தோம். முகம் முழுக்கத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தும் அக்காவின் மூக்கு சிவந்துவிட்டது.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அன்டீ சந்தேகமாகப் பார்த்தார். "என்ன ஏரியல் வைக்கிறீங்க? நமக்கு வம்பு வராதே?"

"ஏரியல் இல்ல அன்டீ, வெயில் பிடிக்கிறோம்."

"என் மாடியில வேண்டிய அளவு இருக்கு, எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போ."

அட்டவணையை அக்கா அழகாக நகல் எடுத்தார், நான் கணக்குப் போட்டேன். அவசரத்தில் விடையை ஒரு வரைபடத்தில்கூட வைத்துப் பார்க்காமல் அனுப்பினோம். இரண்டு நாளில் ஆசிரியரின் பதில் வந்தது: உங்கள் மாடி வங்கக் கடலில் இருக்கிறது, சென்னைக்குச் சற்றுக் கிழக்கே. மூன்று நாளில் காரணத்தோடு திருத்தி அனுப்புங்கள். இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

மாடியில் எழுதிய கசங்கிய தாளையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிழை தெரிந்தது. நகல் எடுக்கும்போது ஒவ்வொரு நேரத்தோடும் அக்கா ஒரு மணி கூட்டியிருந்தார். பத்து வருடக் கைப்பழக்கம். தாளில் நேரம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அவர் கை தானாகக் கூட்டிவிடும். ஒரு மணி என்பது பதினைந்து டிகிரி. எங்கள் கட்டடம் தாத்தாக்கள் கப்பல் ஏறிய கரைப்பக்கம் போய் மிதந்தது.

"நேரத்தை மட்டும் மாத்தி அனுப்பிடலாம். தட்டச்சுப் பிழைன்னு ஒரு வரி போதும்" என்றேன்.

"தட்டச்சுப் பிழை இல்லையே தம்பி. நான் கூட்டினேன்."

"அது அவங்களுக்கு எதுக்கு?"

"காரணம் கேட்டிருக்காங்க. காரணம் இதுதான். பழைய அட்டவணையும் இருக்கட்டும். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல சரியை எழுதுவோம். அழிச்சா, எங்க தப்பு வந்துச்சுன்னு நமக்கே தெரியாமப் போயிடும்."

எனக்கு எரிந்தது. பஞ்சாங்கம், கோயில், திதி என்று அறிக்கையில் எழுதினால் எங்களை மூடர்கள் என்று நினைப்பார்கள் என்று பயம். கத்தினேன். "கோயில் பலகை எழுதறவங்களுக்கு எதுக்கு வானியல்?" என்றேன். ஊ சுப்பையாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது. எல்லாரையும் திட்டித் திரிகிறவன் நான். அந்த நிமிடத்தில் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை.

மடிக்கணினியில் சார்ஜ் பதினெட்டு சதவீதம் இருந்தது. அக்கா உட்கார்ந்து காரணத்தைச் சொல்லும் பக்கத்தை எழுதினார்.

மறுநாள் டீக்கடையில் அவர் எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வாய் வராமல் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார். "நேத்து நீ சொன்னதையும் அடிச்சிட்டுப் பக்கத்துல வேற எழுதிக்கலாம். அழிக்க முடியாது. டீ ஆறுது, குடி."

அறிக்கை தேறியது. பிழையை விளக்கிய பக்கம்தான் இதில் நல்ல பக்கம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். முதலாம் ஆண்டுக்கான கடிதம் எங்கள் இருவருக்கும் வந்தது. ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த நாளில் என் வயதுப் பையன்கள் நாட்டை விட்டுக் கிளம்புவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும், நான் இங்கேதான் இருக்கிறேன். அக்கா போகவிருந்தார். கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுப் பார்த்து, வியர்த்துக் கொட்ட, படம் எடுத்து அனுப்பியிருந்தார். பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது.

அவர் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் போய்ப் பாருங்கள். எல்லா மாடியிலிருந்தும் விழுந்த குப்பை, அதற்குக் கீழே அசையாத சாக்கடை. இரண்டு மழைக்காலமாக அக்கா மனு எழுதினார். கையெழுத்துக் கேட்டுப் படியேறியபோது கதவைத் திறக்காதவர்களும் இதைப் படிப்பீர்கள். விதி என்று இறுதி ஊர்வலத்தில் யாரோ சொன்னார்கள். கொசு என்று நான் சொன்னேன்.

உடலை எடுத்து முடித்த பிறகு, அன்று மாலையே கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு வருடமும் திதி கொடுப்பதற்காக இறந்தவர் பெயரையும் திதியையும் எழுதிவைக்கும் குறிப்பேடு அங்கே உண்டு. அக்கா படுத்த நாளிலிருந்து பலகையையும் அதையும் ஊ சுப்பையாவே எழுதிக்கொண்டிருந்தார். வள்ளி, அஷ்டமி என்று எழுதியிருந்தது.

"அஷ்டமியில போயிட்டா, பாவம்" என்றார் அவர். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

பலகையைப் பார்த்தேன். சப்தமி காலை ஏழு பத்து வரை. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அதிலும் ஏழு பத்து.

"ஐயா, ஒரு மணி கூட்டலையா?"

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவதான் கூட்டுவா" என்றார்.

பிறகு சமாளித்துக்கொண்டு, "சாமியே இல்லேன்னு சொல்ற பய நீ, உனக்கு எதுக்குடா திதி?" என்றார்.

"இது சாமி கணக்கு இல்ல ஐயா, நிலா கணக்கு. பேனாவைக் கொடுங்க."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மை எடுத்தார். வேண்டாம் என்றேன். அஷ்டமியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், எழுத்து கீழே தெரிகிற மாதிரி. பக்கத்தில் சப்தமி என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரி எழுதினேன்: இங்கே சப்தமி எட்டுப் பத்து வரை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோடுதான். டீக்கடையில் சொல்லாத மன்னிப்பையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் திதி கொடுக்கும்போது மறந்துவிடாதீர்கள்: அன்று காலை ஏழு நாற்பதுக்கு, நம் ஊர் நேரப்படி, சப்தமி முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.