நெல் ஸ்டோரில் செத்துக் கிடந்த விடுமுறை

இன்று மில்லில் மூட்டையை அவிழ்த்ததும் எழுந்த நெல் தூசியின் மணம், அலுத்துக் கிடந்த என்னைப் பாண்டிருப்பு எல்லையிலிருந்த பழைய நெல் ஸ்டோருக்கு இழுத்துப் போனது. பள்ளி விடுமுறையில் எங்கள் வயதுப் பையன்களுக்கு அங்கேதான் கூத்துப் பழக்கினார்கள்; தகரக் கூரை சூடு கக்க, மத்தளம் காதை அடைக்க, செத்துப்போன இளவரசனாக நான் சீமெந்துத் தரையில் கிடப்பேன், என் தாயாக நடித்த செல்வம் தினமும் என்மேல் விழுந்து ஒப்பாரி பாடுவான், அவன் வியர்வை என் கழுத்தில் சொட்டும்.

“வயிறு ஏறி இறங்குது மச்சான், மூச்ச அடக்கு,” என்பான் பாட்டுக்கு இடையில்.

“மய்யத்து மாதிரிக் கிடந்து பழகாத மகன்,” என்று வீட்டில் உம்மா முகம் சுளிப்பார்.

தொண்டை கட்டிப்போன ஒரு பின்னேரம் செல்வம் சலிப்போடு கேட்டான்: “ஒரு நாளைக்கு நான் கிடக்கன், நீ அழு மச்சான்.”

எனக்குப் பாட்டு வராது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சில வருடங்களில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் செல்வத்தின் தமிழ் ஊருக்கும் பகை மூண்டு பாதை அடைபட்டது. ஸ்டோர் எரிந்தது, செல்வத்தைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி மட்டும் வந்தது. அவனை அடக்கம் செய்த அன்று இரண்டு ஊருக்கும் இடையிலிருந்த அரை மைலை என்னால் தாண்ட முடியவில்லை.

அவன் பாடிய ஒப்பாரி இன்றைக்கும் ஒரு வரி பிசகாமல் எனக்கு வரும்.