மகன் எந்த ஊருக்கு ஆடப் போகிறான்?

நார்பர்ட் பிலார்ஸ்கிக்கு வாய் கொஞ்சம் அதிகம். கொஞ்சமா? மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஒக்லஹோமா அவென்யூ பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று அவர் தலைக்கு மேலேயே எழுதிப் போட்டிருந்தது. அது பயணிகளுக்குத்தானே, ஓட்டுநர் பேசக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்று கேட்பார். ஏறுகிறவர் கம்பியைப் பிடிப்பதற்குள் யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் ரொட்டி சரியில்லை, எந்த ஆட்டக்காரனுக்கு முழங்கை வலி, எல்லாம் வந்து கொட்டிவிடும். பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது மனிதருக்கு. மனசில் ஒன்று விழுந்தால் அது வாய் வழியாக வெளியே வந்தே தீரும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஊரே பேசுகிற மாதிரி ஒரு மகன் பிறந்தான். ட்ராவிஸ், பேஸ்பாலில் இடது கைப் பந்து வீச்சாளன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சின்சினாட்டி டீம்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வளர்ந்து, அங்கே பேரெடுத்து, முப்பது வயதில் ஒப்பந்தம் முடிந்து கட்டவிழ்ந்து நின்றான். இனி எந்த டீமுக்கு வேண்டுமானாலும் அவன் போகலாம்.

அக்டோபரோடு பேஸ்பால் முடிந்துவிட்டால் இங்கே மைதானம் பனிக்குள் கிடக்கும். அதற்காக எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இப்படிக் கட்டவிழ்ந்து நிற்கிற பெரிய ஆட்டக்காரர்களில் யார் எந்த ஊரில் கையெழுத்துப் போடுவான் என்று கணிப்பதுதான் குளிர்காலம் முழுக்க வேலை. முடிவெட்டுகிற கடையில் கணிப்பார்கள், சர்ச் வாசலில் கணிப்பார்கள். ரேடியோவில் அதற்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. அந்த வருஷத்துக் கணிப்புகளில் முதல் பத்துப் பேருக்குள் ட்ராவிஸ் பெயரும் இருந்தது. நார்பர்ட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு ட்ராவிஸ் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்திருந்தான். சாப்பாடு முடிந்து, சமையலறையில் அப்பாவும் பக்கத்தில் இருக்க, அம்மா பெர்னடெட் கழுவிக் கொடுத்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, நான் இங்கேயே வந்துடலாம்னு பார்க்கறேன்."

பெர்னடெட் கையில் இருந்த தட்டை மெதுவாகத் தொட்டிக்குள் வைத்தாள். அந்த வருஷம்தான் கண் டாக்டர் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்க்கிற இடம் மங்கும். இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் சொல்ல முடியாது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மைதானத்தில், சொந்த ஊர்ச் சட்டையில், மகன் பந்து வீசுவதை நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

"ஆனா நம்ம டீம் ரெண்டு வருஷ ஒப்பந்தம்தான் தர்றேங்குது. எனக்கு அஞ்சு வேணும்," என்றான் ட்ராவிஸ். "பசங்களை இங்க ஸ்கூல்ல சேர்த்துட்டு, ரெண்டு வருஷத்துல மறுபடியும் பிடுங்கிட்டு ஓட முடியாதும்மா. கலிபோர்னியாவுல சான் டியாகோகாரங்க நாலு தர்றாங்க. அங்க போயிடுவேனோன்னு இவங்க பயந்தாத்தான் இறங்கி வருவாங்க. அதனால யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அப்பா, உங்களுக்குத்தான் சொல்றேன்."

"ஏன்டா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா ஒரு மிட்டாயைக் குடுத்து வாயை அடைச்சிடலாமே!" என்றாள் பெர்னடெட்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு இல்லை.

டிசம்பர் பிறந்தது. நார்பர்ட் உண்மையாகவே அடக்கிக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று சர்ச்சில் பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைத்தார். வெள்ளிக்கிழமைகளில் டாட்டி என்கிற பெண் நடத்தும் பாரில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடுவது அவருடைய பழக்கம். அங்கே யூஜீன் என்கிற பழைய சிநேகிதன், அவரும் பஸ் ஓட்டியவர், தினுசு தினுசாகத் தூண்டில் போட்டுப் பார்த்தார். நார்பர்ட் மசியவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, பாரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வழக்கமான கணிப்பு நிகழ்ச்சி. யாரோ ஒரு ஆள் போன் போட்டுப் பேசினான்.

"பிலார்ஸ்கி பையனா? அவன் இந்த ஊரை எப்பவோ தலை முழுகிட்டான். கலிபோர்னியா வெயில்ல காலை நீட்டிப் படுக்கத்தான் போவான். பெத்தவங்க இங்க பனி தள்ளிட்டுக் கிடக்கட்டும், அவனுக்கென்ன?"

பார் முழுக்கத் திரும்பி நார்பர்ட்டைப் பார்த்தது.

"விடு நார்ப்," என்றாள் டாட்டி, மீன் தட்டை அவர் முன்னால் வைத்து. "முகம் தெரியாத பய. போன்ல யார் வேணா எது வேணா பேசலாம்."

"இல்ல, அவன் சொல்றதும் நியாயந்தானே," என்றார் யூஜீன், சீட்டைக் கலைத்துக்கொண்டே. "வர்ற மாதிரி இருந்தா அப்பன்கிட்ட சொல்லியிருப்பானே. நீ ஒண்ணுமே சொல்லலையே."

நார்பர்ட் ஒரு துண்டு மீனை வாயில் போட்டார். இறங்கவில்லை. பெற்ற தாயை மறந்தவன் என்று ஊர் கேட்க ஒருவன் சொல்கிறான். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் இங்கே மீனை மென்றுகொண்டிருக்கிறார். எப்படிப் பொறுப்பது? போனை எடுத்துவிட்டார். டாட்டி, "நார்ப், வேண்டாம்," என்று கையைப் பிடிப்பதற்குள் லைன் கிடைத்துவிட்டது.

"நான் ட்ராவிஸோட அப்பா பேசறேன். அந்தாளு சொன்னது சுத்தப் பொய். அவங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருது. அம்மா பக்கத்துல இருக்கணும்னு நம்ம ஊருக்குத்தான் வர்றான். எங்க வீட்டுச் சமையலறையில நின்னு, என் முன்னாடி சொன்னான்."

நிகழ்ச்சி நடத்துகிறவனுக்குக் கசக்குமா? பதமாகக் கேட்டான். "அப்படியா சார்? டீம் ரெண்டு வருஷத்துக்கு மேல தராதுன்னு பேசிக்கறாங்களே. அப்பவும் வருவாரா?"

"ரெண்டு என்ன ரெண்டு? ஒரு வருஷம் குடுத்தாலும் வருவான். சும்மா கூப்பிட்டாலே வருவான்யா என் பையன்!"

அட பாவி மனுஷா! இதை ட்ராவிஸ் எப்போது சொன்னான்? சொல்லவே இல்லையே. பேச்சு சூட்டில், ஜெயித்தாக வேண்டும் என்ற வேகத்தில், அப்பன் தானாகச் சேர்த்துக்கொண்டது அது. பார் முழுக்கக் கைதட்டியது. யூஜீன் எழுந்து கட்டிக்கொண்டார். யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள். நார்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையிலேயே அவ்வளவு இனித்த பீர் கிடையாது என்று பிற்பாடு அவரே சொன்னார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நாடு முழுக்க அதுதான் செய்தி. வீட்டுக்குத் திரும்பும் பிலார்ஸ்கி, அப்பாவே சொல்லிவிட்டார் என்று எல்லாக் கணிப்புகளையும் மாற்றி எழுதினார்கள். சாயங்காலம் ட்ராவிஸ் போன் செய்தான்.

"என்னப்பா பண்ணிட்டீங்க?"

"டேய், அந்தாளு உன்னைப் பத்தி என்ன பேசினான் தெரியுமா? நீ அம்மாவை..."

"அவன் யாரோப்பா. அவன் என்ன பேசினா நமக்கென்ன?" ட்ராவிஸின் குரல் உயரவே இல்லை. "இப்ப இவங்க ரெண்டு வருஷத்துக்கு மேல பேசவே மாட்டேங்கறாங்க. எதுக்குப் பேசணும்? சும்மா கூப்பிட்டாலே வருவேன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே."

"நான் மறுபடியும் அந்த ரேடியோவுக்குப் போன் பண்றேன்டா. தப்பா சொல்லிட்டேன்னு..."

"வேண்டாம்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போனைத் தொடாதீங்க."

கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பையன் கத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சான் டியாகோவில் கையெழுத்துப் போட்டுவிட்டான், நாலு வருஷத்துக்கு. செய்தி வந்தபோது பெர்னடெட் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அவரை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டு வாங்கிக்கொள்ள அவர் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார், கிடைக்கவில்லை.

நாலு வருஷம் என்பது எழுதுவதற்குச் சின்னதுதான். பெர்னடெட்டின் கண்ணுக்கு அது பெரிசு. முதல் வருஷம் டிவி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அடுத்த வருஷம் நாற்காலி இன்னும் கிட்டே போயிற்று. அப்புறம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் மகனைப் பிடிக்கப் பார்த்தாள். நேரே பார்த்தால் அவன் நிற்கிற இடத்தில் ஒரு கறைதான் இருந்தது.

"இவன்தானே?" என்று கேட்பாள்.

"இவன்தான்," என்பார் நார்பர்ட். சில சமயம் அது வேறு ஆளாக இருக்கும். ஆமாம் என்றுதான் சொல்வார்.

மூன்றாம் வருஷக் கோடையில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கே ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு இங்கே படுக்கப் போய்விடுவாள். தனியாக உட்கார்ந்து அவரால் பார்க்க முடியவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். நம்ப மாட்டீர்கள், அந்த நார்பர்ட்! டாட்டியின் பாரில் கணிப்பு நிகழ்ச்சி தொடங்கினால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். வாசலில் பனி இருந்தால் தள்ளுவார், இல்லாவிட்டால் சும்மா நிற்பார். "பஸ்ஸு ஷெட்டுக்குப் போயிடுச்சு," என்று யூஜீன் கிண்டல் பண்ணுவார். மகனைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்குத் தெரியாதுப்பா." அது பொய்யும் இல்லை. ட்ராவிஸ் வாரம் தவறாமல் போன் செய்வான். அவரிடம் குளிர் எப்படி, கார் எப்படி என்று கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட குடுங்கப்பா," என்பான்.

நாலு வருஷம் முடிந்து, ட்ராவிஸ் மறுபடியும் கட்டவிழ்ந்து நின்றான். வயது முப்பத்து நாலு. தோளில் ஒரு அறுவை சிகிச்சை வேறு. கணிப்புகளில் அவன் பெயரைக் கீழே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. டெட்ராய்ட் என்றார்கள், டாம்பா என்றார்கள், இனி ஆடவே மாட்டான் என்றும் சிலர். நார்பர்ட் வீட்டில்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேசினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, டாட்டியின் பாரில் யூஜீன் சீட்டை அப்படியே வீசிவிட்டு எழுந்தார்.

"நார்ப்! உன் பையன் நம்மகிட்ட வர்றான்யா! கையெழுத்தே போட்டாச்சு! ஒரு வருஷம்! இப்பத்தான் ரேடியோல சொன்னான்!"

நார்பர்ட் துள்ளி எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, கோட்டைச் சரியாகக்கூடப் போடவில்லை, காரில் ஏறிவிட்டார். பெர்னடெட்டிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். அவளுக்கு யாராவது போன் போட்டுச் சொல்லுவதற்குள் போய்விட வேண்டும். எத்தனையோ வேண்டாத செய்தியை ஊரெல்லாம் சுமந்த மனிதர் அவர். அவளுக்கென்று கொண்டுபோக உருப்படியான ஒன்று இன்றைக்குத்தான் கிடைத்திருந்தது. வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பூட்ஸைக் கழற்றாமலே சமையலறைக்குள் போனார். பெர்னடெட் உருளைக்கிழங்கை விரலால் தடவித் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"பெர்னி, வர்றான்! நம்ம டீமுக்கே வர்றான்! ட்ராவிஸ் வீட்டுக்கு வர்றான்டி!"

அவள் கத்தியை வைத்தாள். "தெரியும்," என்றாள்.

"ரேடியோ வெச்சிருந்தியா?"

"இல்ல. போன வாரமே சொன்னான்."

நார்பர்ட் நின்ற இடத்திலேயே நின்றார். போன வாரம். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாம் இறைச்சியும் ரொட்டியும் வாங்கி வந்து, இதே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடுகு சாஸை எடுத்துக் கொடு என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் எதையும் மறைக்கத் தெரியாத பெண் அவள்.

"என்கிட்ட சொல்லாதேன்னுட்டானா?" என்று கேட்டார்.

அவன் அப்படித்தான் சொன்னான் என்று அவள் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். தாங்கிக்கொண்டும் இருப்பார்.

"இல்ல நார்ப். அப்பாகிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மான்னான். நான்தான் சொல்லல."

"நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன், பெர்னி. இந்த நாலு வருஷமா நான் எப்படி இருக்கேன்னு நீயும் பார்த்துட்டுத்தானே இருக்கே?"

"பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீ மூச்சு விடமாட்டேன்னும் தெரியும். தினம் காலையில சொல்லிடலாம்னுதான் எழுந்திரிப்பேன்." அவள் முகத்தைச் சற்றுத் திருப்பி, கண்ணின் ஓரத்தில் அவரைத் தேடினாள். "ஆனா மறுபடியும் தப்பாப் போச்சுன்னா, இன்னொரு நாலு வருஷம் காத்திருக்க எனக்குக் கண்ணு இல்ல."

பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையெல்லாம் தண்ணீராகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நடந்தால் அது அவள் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு நார்பர்ட் மண்டி போட்டார்.

"என்ன பண்றே?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"ஒண்ணுமில்ல. தண்ணி. கொஞ்சம் இரு, வழுக்கிடும்," என்று சொல்லிவிட்டுத் துடைத்தார்.