முப்பது மைலில் வரும் நடுக்கம்

காசிக்கும் காஷ்மீருக்கும் போய் வந்தவர்கள் எழுதட்டும். நான் எழுதப்போவது அபிராமபுரத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை, மொத்தம் ஒன்பது கிலோமீட்டர். சிரிக்காதீர்கள். அந்த ஒன்பது கிலோமீட்டரில் ஒரு மனிதரின் வேலை போவதாக இருந்தது. அதற்கு வழி பண்ணியவள் நான்.

எழுபத்து மூன்றோ நான்கோ, மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்து. கொட்டிவாக்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட, எங்கள் தர்ம மருந்தகத்தின் ஜீப் வாசலில் நின்றது. ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டி. கொட்டிவாக்கம் மணலில் வயிறு தட்டாமல் போக, புரட்டாசியில் அதை நாலு விரற்கடை உயர்த்தியிருந்தோம். அன்றுமுதல் திடீர் திடீரென்று ஸ்டியரிங் பேய் பிடித்தாற்போல் ஆடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சாதுவாக நிற்கும். டயர் மாற்றியும் பயனில்லை. போன வாரம் ஒரு பால்காரரின் சைக்கிளை உரசிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கை பேனாவைத் தேடும். ‘டிரைவர் ஆறுமுகத்துக்குக் கை நடுங்குகிறது, குடிப்பாரோ என்று ஐயம்’ என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். அவரை நீக்குவதற்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம்.

ஆனாலும் மனசு உறுத்தியது. டாக்டருக்குப் படித்தவள், தொட்டுப் பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டேனே!

“ஆறுமுகம், தள்ளி உக்காருங்கோ. நான் ஓட்டறேன்.”

“இன்னாம்மா இது? வோணாம்மா, கைய முறிச்சிரும்.”

“முறிக்கட்டும்.”

ஆறரை. மந்தைவெளி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. கிரீன்வேஸ் சாலை மரங்கள் பனியில் கரைந்து கிடந்தன. வண்டி தரையில்தான் போகிறதா என்றே எனக்குச் சந்தேகம். அடையாறு பாலத்தில் ஏறினால் ஆறும் இல்லை, வானமும் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை. அதன் நடுவே ஒரு கட்டுமரம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதில் ஒருவர் குந்தியபடி எதையோ இழுத்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். அவரைப் பார்த்துக்கொண்டே முப்பது மைல் வேகத்தைத் தொட்டுவிட்டேன்.

பாலம் முடியுமிடத்தில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஐயோ! ஸ்டியரிங் என் கையை உதறிக்கொண்டு துள்ளியது. முன்சக்கரங்கள் இடமும் வலமும் அடித்துக்கொண்டன. முழங்கை வரை எலும்பு கடகடத்தது.

“பிரேக்க மிதிக்காதீங்கம்மா! ஆக்சிலேட்டர வுட்ருங்க, தானா அடங்கும்!”

பதினைந்து மைலுக்கு இறங்கியதும் அடங்கியது. ஓரமாக நிறுத்தினேன். என் கைகள் வெடவெடவென்று ஆடின. நான் காபி தவிர எதுவும் குடிப்பதில்லை.

“இப்படின்னு ஏன் சொல்லலை நீங்க?”

“சொன்னேனேம்மா. நீங்கதான் வாய ஊதிக் காட்டச் சொன்னீங்க.”

ஏழு மணி. அடையாறு பஸ் டிப்போ பக்கத்தில் வரதனின் பட்டறை. வண்டியை உயர்த்திக் கொடுத்தவர் அவர்தான். மூன்று டீ சொன்னேன், பதினைந்து பைசா வீதம். வரதன் தம் டீயைக் குடித்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தார்.

“ஆறுமுகம், ஸ்டியரிங்க ஒரு அங்குலம் இப்டி அப்டி ஆட்டு.”

ஸ்டியரிங் கம்பி மூட்டுகளில் ஆட்டமில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். பேரிங்கும் சரி. பிறகு ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே விரலை விட்டவர், எடுக்கவேயில்லை.

“அடப்பாவி. ஆப்புத் தகடு திரும்பிக் கீது.”

“அப்படின்னா?”

“சைக்கிள் ஃபோர்க்கு சாஞ்சி கீதுல்ல? அதாலதான் கைய வுட்டாலும் நேரா போவுது. ஜீப்புக்கும் அந்த சாய்வு உண்டு. வண்டிய ஒசத்தினா அது கொறையும். திருப்பிக் குடுக்கத்தான் இந்த ஆப்பு. தடிச்ச பக்கம் முன்னால வரணும், இங்க பின்னால கீது. இருந்த சாய்வும் போச்சு.” தலையைச் சொறிந்தார். “பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரி இருக்கும்னு முன்பக்கத்துக்கு செகப்பு பெயிண்ட்ல பொட்டு வச்சேனே! ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்தப் பொட்ட பாத்துத்தான் மாட்டினேன்.”

பூஜையன்று ஜீப் மருந்தகக் கொல்லையில் பிரிந்து கிடந்தது. தராசு, கத்தரிக்கோல், சிரிஞ்சு என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்தவள் இரும்புத் தகடுகளை மட்டும் விடுவேனா? அழுக்காக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய் போட்டு, அவர் வைத்த பெயிண்டும் போகப் பளபளவென்று துடைத்து, இரண்டையும் அருகருகே வைத்து, ஆளுக்கொரு பொட்டு. எண்ணெயில் குழைத்த குங்குமம். எந்த முனையென்று யார் பார்த்தார்கள்?

“வரதன், அந்தப் பொட்டு நான் வச்சது.”

வரதன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஆறுமுகம் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ என் கையி இல்லியாம்மா?” என்றார்.

அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது!

“உங்க கை இல்ல. நான்தான். நாளைக்குக் கூட்டத்துல நானே வந்து சொல்றேன்.”

ஒன்பதேகால். தகடுகளைத் திருப்பி மாட்டியாயிற்று. ஆறுமுகம் ஓட்ட, பாலத்தைப் போகவும் வரவும் கடந்தோம். பனி விலகி ஆறு தெரிந்தது. முப்பது மைல், அதே பள்ளம், ஒரு குலுக்கல். ஸ்டியரிங் இம்மிகூட ஆடவில்லை.

திருவான்மியூர் தாண்டியதும் தார் முடிந்து மணல் பாதை. சவுக்குத் தோப்பின் இடுக்கில் கடல் பளிச்சிட்டது. அப்போதுதான் கவனித்தேன், ஆறுமுகத்தின் இரண்டு கைகளும் நடுங்கின.

“ஸ்டியரிங் அடங்கிருச்சிம்மா,” என்றார் கூச்சத்தோடு. “கைதான் இன்னும் நம்ப மாட்டேங்குது.”

நான் கடிதத்தில் எழுதியபோது அது பொய். இப்போது உண்மை. கொட்டிவாக்கம் வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடல் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.