ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய கல்

ஓரின் ஆல்ரெட்டுக்குக் கற்களைத் தட்டிவிடும் வேலை. அறுபத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷம் தெற்கு யூட்டாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபின், பக்கத்துத் தேசியப் பூங்காவில் சேர்ந்திருந்தார். அங்கே எல்லாம் வெறும் மணற்பாறை. மண்ணில் தடம் பதியும், பாறையில் பதியாது. அதனால் பூங்கா ஆட்கள் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி வைக்கிறார்கள். ஓர் அடுக்கின் பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். நடக்க வருகிறவர்களுக்கு அதுதான் வழி.

வருகிறவர்களுக்கும் கல் அடுக்கும் ஆசை வந்துவிடுகிறது. படம் எடுக்க, ஞாபகத்துக்கு, சும்மா. அவற்றை நம்பிப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றவர்கள் உண்டு. ஓரின் காலையில் ஆறு மைல் சுற்றி வந்து அவற்றைக் காலால் தட்டிவிடுவார். குனிந்துகூடப் பார்ப்பதில்லை. பூங்கா அடுக்குக்கு அடிக்கல் தட்டையாக, அகலமாக இருக்கும். மற்றவர்கள் உச்சியில் ஒரு குட்டிக் கல்லை வைக்காமல் விடமாட்டார்கள். அந்தக் கல் தேவையில்லாதது என்பது அவர் எண்ணம். தேவையில்லாதவை என்று அவரிடம் ஒரு நீண்ட பட்டியலே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பெரிய மழை. ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போனார். அன்றைக்கு அவர் வேலை செய்வதில்லை. வேலையைப் பற்றி யாரும் அவருக்குப் போன் செய்வதும் இல்லை.

திங்கட்கிழமை காலை வழியில் ஒரு வயதான தம்பதி நடந்துகொண்டிருந்தார்கள். ஒஹையோவிலிருந்து வந்தவர்கள், வெண்டல், பில்லிஸ்.

“தண்ணி எவ்வளவு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் ஓரின்.

“ஆளுக்கு ஒரு பாட்டில்.”

“பத்தாது.”

“இவருக்குப் பத்தும். இவரு தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்லை” என்றாள் பில்லிஸ்.

“வந்த இடத்துலயும் ஆரம்பிச்சுட்டா பாருங்க” என்றார் வெண்டல்.

ஓரின் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “கல்லடுக்கைப் பாத்துப் போங்க. அடுத்தது கண்ணுல படலைன்னா ஒரு அடி வைக்காதீங்க.” வேகமாக முன்னே போய்விட்டார்.

வழி இடப்பக்கம் இறங்கும் திருப்பத்தில் உருண்டைக் கற்களால் ஒரு புது அடுக்கு நின்றது. உச்சியில் குட்டிக் கல். ஒரே உதை. பழைய அடுக்கு அங்கே இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. வழி அவர் காலிலேயே இருந்தது. பல வருஷமாக அவர் தேடியது தப்பான அடுக்குகளை மட்டும்தான்.

பதினொரு மணிக்குச் சுற்று முடியும் இடத்துக்கு வந்தபோது லாரூ ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவர் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவள், இப்போது அவருக்கு மேலதிகாரி. இன்னமும் தேவாலய வழக்கப்படி அவரைப் பிரதர் என்றுதான் கூப்பிடுவாள்.

“பிரதர் ஆல்ரெட், என் அடுக்கு எப்படி? திருப்பத்துல வச்சேனே. பழசை மழை அடிச்சுட்டுப் போயிடுச்சு. தட்டைக் கல்லு ஒண்ணும் கிடைக்கலை. நேத்து உங்களைக் கேக்கலாம்னு பாத்தேன், ஞாயித்துக்கிழமையாச்சே.”

“உச்சியில எதுக்கும்மா குட்டிக் கல்லு?”

“அழகா இருக்கட்டும்னுதான். ஏன்?”

அவர் அவளுடைய தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

திருப்பத்தில் யாரும் இல்லை. வெயில் பாறையில் கொதித்தது. நேரே போனால் கால் மைலில் எண்பது அடிப் பள்ளம். கூப்பிட்டார். பதில் இல்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது: சாண் உயரத்தில் நாலு கல், உச்சியில் ஒரு குட்டி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அப்படிப்பட்ட அடுக்குகளை நம்பி நடந்தார்.

ஏழாவதைத் தாண்டி, விளிம்புக்கு இருபதடி முன்னால், ஒரு பாறை நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டலின் கணுக்கால் வீங்கியிருந்தது. பாட்டில்கள் காலி.

“திரும்பி வரத் தெரியணுமேன்னு நான்தான் வச்சுட்டே வந்தேன். இவரு சிரிச்சாரு” என்றாள் பில்லிஸ்.

அவர்கள் தண்ணீர் குடித்ததும் ஓரின் வெண்டலைத் தோளில் தாங்கி மெதுவாகக் கூட்டிவந்தார். ஒவ்வோர் அடுக்கையும் தாண்டியதும் காலால் தட்டினார்.

“இதையுமா?” என்றாள் பில்லிஸ்.

“அடுத்து வர்றவன் இதைப் பாத்துத்தான் பள்ளத்துக்குப் போவான்.”

திருப்பத்தை நெருங்கும்போது, “நீங்க சொன்னபடி நிக்கலாம்னுதான் இவருகிட்டச் சொன்னேன். இந்த இடத்துல அடுக்கே இல்லையே” என்றாள் பில்லிஸ்.

“காத்து தள்ளியிருக்கும்” என்றார் வெண்டல்.

ஓரின் பத்தடி நடந்தார். அதை அப்படியே விட்டிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள்.

“காத்து இல்லைங்க. நான்தான் உதைச்சேன்.”

“எதுக்கு?”

“உச்சியில குட்டிக் கல்லு இருந்துச்சு.”

வெண்டல் அவர் முகத்தைப் பார்த்தார். “இவகூட நாப்பது வருஷமா இருக்கேன். உங்களுக்குக் கல்லு மேல வந்த கோபம் எனக்கே வந்ததில்லை” என்றார்.

ஓரின் அவரை உட்காரவைத்துவிட்டு ஓடைப்பக்கம் இறங்கி ஓர் அகலமான தட்டைக் கல்லைச் சுமந்து வந்தார். வைத்தார். அது ஒரு பக்கம் ஆடியது. திருப்பி வைத்தார், அப்போதும் ஆடியது. பில்லிஸ் கீழே கிடந்த ஒரு குட்டிக் கல்லை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி அடிக்கல்லுக்குக் கீழே செருகி, மேலே கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அடுத்த கல்லை எடுத்தார்.