கிணற்றடிப் பெண்கள் காய்ந்த பிறகு

எண்ணெய் வர்ணம் பழகும் ஆசை எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓவியம் பழக்கும் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் போனேன். அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "ஆளை நேரை வைச்சுக் கீறுறது கஷ்டம். முதல் ஒரு பழைய படத்தைப் பார்த்து அப்பிடியே கீறிப் பழகுங்கோ." ஐரோப்பியப் பழம்படம் ஒன்றின் அச்சுப்பிரதியைத் தந்தார். கிணற்றடியில் மூன்று பெண்கள். நடுவில் நிற்பவள் குடத்தோடு திரும்பிப் பார்க்கிறாள்.

மானிப்பாய் வீட்டில் நானும் அக்காவும்தான். அத்தான் காலமான பிறகு அக்கா அளவெட்டியிலிருந்து என்னோடு வந்துவிட்டார். நான் விறாந்தையில் கீற, பக்கத்துக் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவுவார்.

"உந்தப் பொம்பிளையளுக்கு வேலைவெட்டி இல்லையோ? தண்ணி அள்ள வந்திட்டு என்ன பார்வை?"

பிறகொரு நாள், "உவளை முடிச்சிட்டு என்னையும் ஒருக்காக் கீறன் பிள்ளை" என்றார்.

அக்காவுக்கு ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை. கமராவைக் கண்டால் கண்ணை மூடிவிடுவார். இருந்தது அடையாள அட்டைப் படம்தான். அதில் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழிப்பார். செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அந்தப் படம் வந்துவிடுமே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. சாவைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை.

"ஓம் அக்கா, இது முடியட்டும்" என்றேன்.

அது எங்கே முடிந்தது? வர்ணம் குழைக்கிற லின்சீட் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடையில் அடுத்த கிழமை வரும் என்றார்கள். எனக்கா பொறுமை? எண்ணெய்தானே என்று குசினியில் இருந்த நல்லெண்ணெயை விட்டுக் குழைத்தேன். லின்சீட் காயும், நல்லெண்ணெய் காயாது என்பது யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் போயும் நடுப்பெண்ணின் முகம் பிசுபிசுவென்றுதான் இருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அவளுக்கு எண்ணெய் வைச்சு முழுக வாத்தனியோ?"

வழித்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் ஓவியர்.

"உது கிடக்கட்டும். இப்ப என்னைக் கீறன்" என்றார் அக்கா.

"வடிவாப் பழகாமல் உங்களைக் கீறிப் பழுதாக்கவோ?" என்றேன். அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன். வீம்புதான்.

உடுப்பு மடிப்பு, விரல் நகம், காதுக்குக் கீழே விழும் நிழல் என்று எல்லாவற்றையும் திரும்பக் கீறினேன். இந்தமுறை நன்றாகக் காய்ந்தது. சட்டம் போடக் கொடுத்திருந்த கிழமை, அக்கா ஒரு விடியற்காலை எழும்பவில்லை.

அந்தியேட்டிக்கு வந்த சனம் சுவரில் தொங்கிய கிணற்றடிப் படத்தைப் பார்த்து, "அச்சு அசல்!" என்றது. எல்லோருடைய கையிலும் கல்வெட்டு. அதில் அடையாள அட்டை அக்கா முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சுவரை இடித்துவிடலாம் போலிருந்தது.

போன மாதம் புதுக் கன்வஸ் ஒன்றை வைத்து அக்காவைக் கீறத் தொடங்கினேன். மூக்கைக் கீறினால் கிணற்றடிக்காரியின் மூக்கு வருகிறது. நாடியும் அவளுடையதுதான். அழித்து அழித்துக் கீறினேன். கன்னத்தில் அக்காவுக்கு ஒரு மச்சம் உண்டு. அட்டைப் படத்தில் அது தெரியவில்லை. இடக் கன்னமா, வலக் கன்னமா? யாரிடம் போய்க் கேட்பது? யாரைக் கேட்டாலும், "கூடவே இருந்தது நீங்கள்தானே?" என்பார்கள்.